கால் படாத பாத்தி

இருபத்தாறு வருஷம் முதுகில் விஷத்தைச் சுமந்தவள் நான். இதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, பரிதாபத்துக்காகவும் சொல்லவில்லை. எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்த வேலை அது. பதினாறு வயதில், எங்களை வேலை வாங்கும் மண்டோர் என் தோளில் தெளிக்கும் பம்பை மாட்டி வாரை இறுக்கினார். நாற்பத்திரண்டு வயதில், எஸ்டேட்டை விற்றபோதுதான் கழற்றி வைத்தேன். முதலில் ரப்பர் மரத்தடியில், பிறகு எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரத்தடியில், புல் பூண்டு தலையெடுக்காமல் அடித்துக்கொண்டே போக வேண்டும். மருந்து என்றுதான் சொல்வோம். டின்னில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் மருந்து என்போம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர். எங்கள் எஸ்டேட்டில் இருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள். பத்தொன்பது வயதில் கெமாஸில் ரயிலேறிப் போனார். எட்டு வருஷம் கழித்து இடது பாதம் இல்லாமல் திரும்பி வந்தார். எல்லைக் காட்டில் கண்ணிவெடி தேடி எடுக்கும் பிரிவில் இருந்தவர். முன்னால் போய் மண்ணைக் குத்திப் பார்த்து, வழியைச் சுத்தம் செய்து கொடுப்பது அவர் பொறுப்பு. ஒரு நாள் காலை "வழி சுத்தம்" என்று குரல் கொடுத்தார். பின்னால் வந்த கூட்டாளி அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துத்தான் வந்தான். ஒரே ஒரு தடவை, ஒரு விரற்கடை தள்ளிப் பட்டுவிட்டது. கூட்டாளி அங்கேயே போய்விட்டான். இவருக்குப் பாதம் போனது. கல்யாணமான முதல் வருஷம் ஒரு முறை இதை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாதம் போன நாளிலிருந்து அவர் மண்ணில் கால் வைத்ததில்லை. எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்தில் வாசலில் இருந்து குளியலறை வரைக்கும் பலகை போட்டு வைத்திருந்தோம். ரப்பர் ஸ்டோரில் காவல் வேலை கொடுத்தார்கள், அங்கே தரையெல்லாம் சிமெண்டு. தீமிதி பார்க்கக்கூட ரோட்டில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். "பட்டாளத்து ஐயாவுக்கு மண்ணு ஒட்டக்கூடாதாம்லா" என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போவேன். வீட்டுக்கு வந்து அவரோடும் சண்டை போடுவேன். இரண்டிலும் எதுவும் மாறவில்லை.

எஸ்டேட் போன பிறகு பகாவுக்குப் பக்கத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். முன்பக்கம் முழுக்கச் சிமெண்டு. பின்பக்கம் மட்டும் பத்தடிக்குப் புல்தரை, அதன் கோடியில் நான் நட்ட கறிவேப்பிலை மரம். அவர் பின் கதவு வரை வருவார். அதற்கு மேல் வரமாட்டார். வயதாக ஆக முன்வாசலுக்கு வருவதும் நின்றது. உள் அறை, காற்றாடி, ரேடியோ, அவ்வளவுதான். வெளியே புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்டால் கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. அறுபத்தைந்து வயதில் அவர் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருந்தடித்து மருந்தடித்து என் தோள்பட்டை வீணாய்ப் போயிருந்தது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. இரண்டு உடைந்த சாமான்களை ஒரே அலமாரியில் வைத்த மாதிரி இருந்தோம்.

அப்போதுதான் சார்ஜன் வந்தார். பட்டாளத்தில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். வேறு படைப்பிரிவு என்றாலும் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். என்னை அவர் "காக்" என்பார், அக்கா என்று அர்த்தம், அவரைவிட நான் சின்னவள் என்றாலும். பகாவுக்கு வெளியே செம்பனைத் தோட்டம் முடிந்து ஆறு வருகிற இடத்தில், யாரும் வளைத்துப் போடக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்த ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதை முன்னாள் ராணுவத்தினர் காய்கறி போடுவதற்கு நில அலுவலகத்தில் தற்காலிக அனுமதி வாங்கியிருந்தார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு மலாய்ப் பெண் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பாள், பேச விரும்புகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவாள். மண்ணில் கை வைத்து வேலை செய்தால் இவர்கள் மனசு ஆறும் என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மண்ணில் வேலை செய்து மனசு ஆறுவதாக இருந்தால் எஸ்டேட்டில் பிறந்த நாங்கள் எல்லாரும் முனிவர்களாகியிருக்க வேண்டும். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அவர் வேனில் உட்கார்ந்திருந்தாலே போதும், அக்கா" என்றாள்.

அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஏழு வியாழக்கிழமை சார்ஜனின் வேனில் போய், தார் ரோட்டு ஓரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற ஐந்து பேர் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்கிப் பாருங்களேன்" என்று நான் சொன்னால், "எறங்கமாட்டேன்லா. இங்கேயே இருக்கேன்" என்பார். எட்டாவது வாரம் வீட்டில் விரல் தடிமன் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து இரண்டு நாள் ராவி முனை எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை அந்தக் கம்பியோடு வேனை விட்டு இறங்கினார்.

அந்தக் காட்சியை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ரோட்டு ஓரத்தில் மண்டியிட்டு, கம்பியைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக மண்ணுக்குள் விட்டார். நட்டமாகக் குத்தக்கூடாதாம், வெடியின் தலையில் பட்டுவிடும். இரண்டு விரல் தள்ளி அடுத்த குத்து. மறுபடியும் இரண்டு விரல். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அன்று முழுவதும் ஒரு பாய் அகலம்தான் முடிந்தது. கிழவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சார்ஜன் ஒரு வெள்ளைக் கயிற்றைக் கொண்டுவந்து, அவர் முடித்த எல்லையில் முளை அடித்துக் கட்டினார். அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பத்தடி அகலம், முப்பதடி நீளம். குத்தி முடிக்க நாலு மாதம் ஆனது. கம்பியால் நெம்பியபோது மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தது உடைந்த கண்ணாடியும், துருப்பிடித்த டின்னும், மங்குகளும்தான். மங்கு என்றால் ரப்பர் பால் வடிக்கும் பீங்கான் கோப்பை. பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் உடைந்ததையும் ஓட்டை விழுந்ததையும் இங்கே வீசியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கழுவி, பாத்தியைச் சுற்றிக் கவிழ்த்து வரிசையாகப் பதித்தார். அதற்குள் அவரைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். மற்ற ஐந்து பேரும் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பந்தல் போட்டுப் பயற்றங்காய் விட்டார், பாகற்காய் விட்டார். மண்ணுக்கு மேலே காய்ப்பது மட்டும். மற்றவர்கள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் நாளில் எழுந்து வேனுக்குப் போய்விடுவார். மண்ணுக்குள் கை விட்டு எதையும் இழுத்து எடுப்பதை அவரால் பார்க்க முடியாது. அதைத் தவிர ஆள் மாறிக்கொண்டே வந்தார். உள் அறையை விட்டு மேசைக்கு வந்து சாப்பிட்டார். தூங்கினார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பாகற்காய் கொடுத்தார். கொடுத்தது போக மிச்சத்தை வாரத்தில் ஆறு நாள் நான் பொரித்தேன், வறுத்தேன், குழம்பு வைத்தேன். ஆஸ்பத்திரிப் பெண்ணை "டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் டாக்டர் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் பாத்திக்குள் நின்றபடி வலது கால் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை மண்ணில் வைத்தார். நான் செம்பனை நிழலில் நின்று பார்த்து அழுதேன். சந்தோஷத்தில் மட்டும்தான் அழுதேன் என்று சொன்னால் பொய். நாற்பது வருஷம் நான் கெஞ்சியும் அழுதும் திட்டியும் கிடைக்காதது இந்தத் துண்டு நிலத்துக்குக் கிடைத்துவிட்டதே என்று பொறாமையாகவும் இருந்தது.

மூன்றாவது வருஷம் அவர் காலில், வெட்டிய இடத்தில், புண் வந்தது. பொய்க்கால் உராய்ந்து வந்த புண். சர்க்கரை விடுமா? ஆறு வாரம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார். இன்னும் நாலு விரற்கடை மேலே வெட்டினார்கள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்தியைப் பற்றித்தான் பேசினார்.

"என் பாத்தில யாரும் கால் வெக்கக்கூடாது."

"யாரு வெக்கப் போறா?"

"நீயும் வெக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

"நான் ஏன் அங்க போறேன்?"

"சத்தியம் பண்ணுன்றேன்ல. அந்தக் கடைசிப் பக்கம் அப்படியே கெடக்கட்டும். ஓரத்துல நின்னு தண்ணி மட்டும் ஊத்தச் சொல்லு, போதும்."

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கடைசிப் பக்கம் என்று அவர் சொன்னதை நான் பழைய பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் பழையது எல்லாம் திரும்பி வரும் என்று நினைத்தேன். என்ன இருக்கிறது அங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மழை மாதம். பந்தல் சாய்ந்துவிட்டது. மங்கு வரிசைக்குள் லாலாங்புல் முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டது. கிழவர்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்களே தவிர உள்ளே போகவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சார்ஜன் போன் செய்தார். திங்கட்கிழமை நில அலுவலகத்தில் இருந்து பார்வையிட வருகிறார்களாம். அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம், காடாகக் கிடந்தால் கொடுக்கமாட்டார்கள்.

"காக், ஒரு பாத்தி காடாக இருந்தாலும் மொத்த நிலமும் போய்விடும். நாங்கள் வெட்டட்டுமா?" என்று மலாயில் கேட்டார்.

"வேண்டாம். உள்ளே யாரும் போகக்கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? கத்தியால் வெட்ட வேண்டும் என்றால் உள்ளே கால் வைக்க வேண்டும். ஆள் வைத்து மெஷினில் வெட்டினாலும் அந்த ஆள் கால் வைக்க வேண்டும். உள்ளே கால் வைக்காமல் புல்லைச் சாகடிக்க ஒரே வழிதான் உண்டு, அதில் என்னைவிடக் கைதேர்ந்தவள் அந்த வட்டாரத்தில் இல்லை. நிலத்து வாசலில் பலகை இருப்பது எனக்குத் தெரியும். நிரந்தரக் கட்டடம் கூடாது, மரம் வைக்கக்கூடாது, சும்மா போடக்கூடாது, ராச்சுன் அடிக்கக்கூடாது. ராச்சுன் என்றால் விஷம். அந்த ஆற்றில் கீழே ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷம் இதே ஆற்றின் ஓரத்து எஸ்டேட்டில் தினம் பத்துப் பம்பு அடித்தேன், என்னை எந்தப் பலகை வந்து தடுத்தது? ஒரே ஒரு பம்பில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சின்னச் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அவரிடம் பம்பும் ஒரு போத்தல் மருந்தும் கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை, கிழவர்கள் யாரும் வராத நாள். வெயில் ஏறுவதற்கு முன்னால், காற்று எழும்புவதற்கு முன்னால் அடித்துவிட வேண்டும். பஸ் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. தோள் வலித்தது. வாரை மாட்டியதும் வலி போன இடம் தெரியவில்லை. இடது கை தானாகப் பம்பை அடித்தது, வலது கை தானாகக் குழாயை வீசியது. முதுகுக்குக் காற்று, முகத்துக்கு வெயில், அந்தப் பழைய கணக்குப்படியே நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன். என் கை எதையும் மறக்கவில்லை.

மங்கு வரிசைக்கு வெளியே நின்றே அடித்தேன். ஒரு பக்கம் ஐந்தடி, அந்தப் பக்கம் போய் ஐந்தடி. ஒரு மங்கு மேல்கூடக் கால் படவில்லை. கடைசிப் பக்கம் லாலாங்குக்குள்ளே இருதய வடிவ இலையோடு ஒரு கொடி தரையில் படர்ந்திருந்தது. எஸ்டேட்டில் எங்களுக்கு முதல் எதிரி அந்த மாதிரிக் கொடிதான். இளம் மரத்தில் ஏறிக் கழுத்தை நெரிக்கும். "அந்த எலயப் பாத்தா விடாத, நனைய நனைய அடி" என்று மண்டோர் கத்திக் கத்தி எங்கள் கண்ணில் பதிய வைத்திருந்தார். நான் நின்று பார்க்கவில்லை. நனைய நனைய அடித்தேன்.

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பாத்தி எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு. யாரும் கால் வெக்கல" என்றேன். எனக்குப் பெருமைதான். திங்கட்கிழமை அவரே வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆறு பேரும் பழைய பட்டாளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் கைத்தடிகளை ஊன்றிக் கடைசியில் நின்றார். ஆஸ்பத்திரிப் பெண்ணும் வந்திருந்தாள். நில அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர், தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்தில் இருந்து ஒருவர். எல்லாப் பாத்தியும் பச்சையாக இருந்தது. நடுவில் ஒன்று மட்டும், மங்கு வரிசைக்குள், தீய்ந்துபோய்ப் பழுப்பாகக் கிடந்தது. சார்ஜன் என்னைப் பார்த்தார். அவர் அதைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

ஏர்கண்டிசனில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் காய்ந்த புல்லுக்கும் மருந்தடித்த புல்லுக்கும் என்ன தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். தண்ணீர்க்காரர் குனிந்து ஒரு புல் தாளைக் கிள்ளி மோந்து பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். இருபது அடி இருக்கும்.

"யார் அடித்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அப்போது என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, பாத்தியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு லேசாக விரிந்தது. கல்யாணமாகி எஸ்டேட் போகிற வரை இருபது வருஷம் அந்த வாசனையோடுதான் நான் வேலை முடிந்து வந்து அவருக்குச் சோறு போட்டேன், அந்த வாசனையோடுதான் அவர் பக்கத்தில் படுத்தேன். என்னதான் குளித்தாலும் போகாது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நான்" என்றார் மலாயில். குரல் பட்டாளக் குரலாக வந்தது. "என் பாத்தி. என் உத்தரவு. மற்றவர்களுக்குத் தெரியாது."

"நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று சொன்னார்களே?"

"உத்தரவு என்னுடையது, துவான்" என்றார், ஐயா என்று அதிகாரிக்கு மரியாதை கொடுத்து.

அதிகாரி எழுதிக்கொண்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஐந்து பேரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். வாழ்நாள் முழுக்க யாரோடும் சண்டைக்கு அஞ்சாத வாய் என்னுடையது. அன்றைக்கு அது எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் காரில் ஏறிப் போன பிறகு, என் வீட்டுக்காரர் சார்ஜனிடம் கம்பியைக் கேட்டார். அவர் வேனில் இருந்து எடுத்துக் கொடுத்தார். இவர் கைத்தடிகளை வெளியே போட்டுவிட்டு, மங்கு வரிசையைத் தாண்டி மண்டியிட்டார். வெட்டிய காலில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. "வேண்டாம், பெரியவரே" என்று ஆஸ்பத்திரிப் பெண் ஓடினாள். சார்ஜன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கம்பியைச் சாய்த்துக் குத்திக்கொண்டே, தவழ்ந்து தவழ்ந்து, கடைசிப் பக்கம் வரை போனார். அங்கே கம்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினார்.

மண்ணுக்குள் கை விட்டு அவர் எதையும் எடுத்து நான் பார்த்ததே இல்லை. கட்டை விரல் பருமனில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்புறம் இன்னொன்று. காய்ந்த கொடியைப் பிடித்து இழுக்க இழுக்கக் குட்டிக் குட்டியாக வந்தது. நான் நனைய நனைய அடித்த கொடி அதுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் நட்டார்" என்றாள் அந்தப் பெண், என் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில். "தானே தோண்டி முதல் கிழங்கை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு மண்ணுக்குள் கை விடப் போகிறேன் டாக்டர் என்றார்."

அவர் ஒரு மங்கைப் பிடுங்கி அதில் கிழங்குகளைப் போட்டார். தவழ்ந்தே திரும்பி வந்து என் காலடியில் வைத்தார்.

"திங்காத. மருந்து ஏறியிருக்கும்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கதறி அழ வேண்டும் போல இருந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. மாத முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, விதி விதிதான், தண்ணீர் ஊர் குடிக்கிற தண்ணீர். இப்போது அங்கே முள்வேலி இருக்கிறது, உள்ளே லாலாங்புல் ஆள் உயரம். ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு வேறு ஊர் போட்டுவிட்டார்கள். ஐந்து பேரில் ஒருவர் வீட்டை விட்டு வருவதே இல்லை என்கிறார்கள். இன்னொருவர் மறுபடியும் குடிக்கிறார். சார்ஜன் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் "காக், நலமா?" என்று கேட்கிறார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் உள் அறைக்குத் திரும்பிவிட்டார். காற்றாடி, ரேடியோ. முன்பு போல என்றுகூடச் சொல்ல முடியாது. முன்பு அவருக்கு மட்டும்தான் பயம். இப்போது எனக்காகவும் பயப்படுகிறார். நான் கடைக்குப் போனால் ரோட்டு ஓரத்துப் புல்லில் ஒதுங்கக்கூடாது. கோயில் மைதானத்தில் நடக்கக்கூடாது. போய்விட்டு வந்தால் என் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்க்கிறார்.

போன வாரம் ஒரு நாள் காலை அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை பறிக்கப் பின் கதவைத் திறந்து காலை எடுத்து வைக்கப் போனேன்.

"நில்லு!"

அந்தக் குரலுக்கு நான் நின்றுவிட்டேன். கைத்தடியோடு வந்தார். கையில் அந்தக் கம்பி. என்னை நகரச் சொல்லிவிட்டு, கதவுப் படியில் உட்கார்ந்து, அப்படியே இறங்கிப் புல்லில் மண்டியிட்டார். கம்பியைச் சாய்த்துப் பிடித்துக் குத்தினார். இரண்டு விரல் தள்ளி அடுத்தது. பத்தடி தூரத்தில் மரம். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம், அந்தப் பத்தடியில் தினம் இரண்டு முறை நடக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஓரடி முடித்துவிட்டுத் திரும்பாமலேயே, "வா" என்று கையைக் காட்டினார். அவர் முழங்கால் பட்ட தடத்திலேயே என் காலை வைத்தேன். அடுத்த ஓரடி. வெயில் ஏறிவிட்டது. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. இன்னும் ஆறாத, கட்டுப் போட்ட கால் புல்லில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

பாதி தூரத்தில் என்னால் தாங்க முடியவில்லை.

"நாந்தாங்க அடிச்சேன்" என்றேன், அவர் முதுகைப் பார்த்து.

"தெரியும்" என்றார். கம்பியை எடுக்கவில்லை. "அசையாத. இன்னும் முடியல."

நான் அசையாமல் நின்றேன்.